சுமார்

மூன்றாம் வருஷமாக இந்தக் கதவு.
கொருக்குப்பேட்டையில் கேட் மூடிவிட்டார்கள்,
கூட்ஸ் நகர மாட்டேன் என்கிறது.
டிசம்பரிலும் வியர்வை.
என் கையில் வரிசை எண் நானூற்று ஏழு:
தேசிங்கு, தகப்பன் பெயர் எத்திராஜ்,
ஆண், வயது 81.

"மாமா கடைக்குப் போயிக்கீறாரு, டீச்சர்"
என்கிறாள் அம்சா.
போன வருஷமும் கடைக்குத்தான் போயிருந்தார்.
அதற்கு முந்தின வருஷம் ஓட்டேரிக்கு, மகள் வீட்டுக்கு.
அவருக்கு மகள் கிடையாது.

அவர் போனது நாலு வருஷத்துக்கு முந்தின மழையில்.
கால்வாய் படியேறி வந்து
அடுப்பை எட்டிப் பார்த்த ராத்திரி
எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம்.
காலையில் சாம்பார் சாதம் எண்ணிக் கொடுத்தேன்,
ஒரு பொட்டலம் மிஞ்சியது.

ஸ்டேஷனில் ஒரு ரசீது கொடுத்தார்கள்:
கட்டம் போட்ட சட்டை,
இடது காலில் கட்டைவிரல் இல்லை
(ஹார்பரில், எழுபத்தெட்டில், கிரேன் சங்கிலி).
ஸ்டான்லி சவக்கிடங்கில் அம்சாவின் புருஷன்
ஏழு முகம் பார்த்தான்.
எட்டாவது துணியைத் தூக்கும்போது
வெளியே ஓடி வாந்தியெடுத்தான்,
அப்படியே ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டான்.
காலையாவது பார்த்திருக்கலாம்.
அந்த வீட்டில் எட்டு என்ற எண்ணை
யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

மூலக்கொத்தளத்தில் நம்பர் அடித்த தகரங்கள் உண்டு.
ஒரு போலீஸ்காரர், ஒரு மாலை, ஒரு பீடி நேரம்.
அப்புறம் நோட்டில் ஒரு வரி:
ஆண், வயது சுமார் 70.

அங்கன்வாடியில் பிள்ளைக்கு எடை போட்டு
சுமார் எட்டு கிலோ என்று ஒருமுறை எழுதிவிட்டேன்.
சூப்பர்வைசர் நோட்டை விசிறியடித்தார்.
கிராம் எங்கே?
கிராம் எழுதும்மா, கிராம்.

ஸ்மார்ட் கார்டில் தேசிங்கு சிரிக்காமல் இருக்கிறார்.
அரிசி வருகிறது.
மாசம் பிறந்தால் ஆயிரத்து இருநூறு வருகிறது.
ரகசிய எண் அவருடைய ஹார்பர் டோக்கன் நம்பர்,
அம்சாவிடம் அவரே சொன்னது, மகனிடம் சொல்லாதது.
ஆஸ்துமா பம்ப்பை டி.வி. மேலேயே வைத்திருக்கிறாள்,
தூசி இல்லை.

படிவத்தில் நான்கு கட்டம்.
இறந்தவர் என்றால் சான்றிதழ் கேட்பார்கள்,
சான்றிதழுக்கு உடம்பு கேட்பார்கள்.
இன்னும் மூணு வருஷம் போனால்
கோர்ட்டில் கேட்டுப் பார்க்கலாம் என்கிறார்
தண்டையார்பேட்டை நோட்டரி, அதற்குத் தனி ரேட்.

திரும்பினால் பேபியம்மா வழியை மறித்து நிற்கிறாள்.
எழுபத்தொன்பது வயது பேபி.
காசிமேட்டில் இறால் உரித்து உரித்து ரேகை போனவள்.
ரேஷன் மிஷினில் எந்த விரலை வைத்தாலும்
பொருந்தவில்லை, பொருந்தவில்லை.
அவள் பெயர்மேல் கோடு,
மண்டல ஆபீஸில் யாரோ அடித்தது.
காரணம்: மரணம்.

"நான் பூட்டேன்னு எனக்கு ஒரு வார்த்த சொல்ல வேணாமா?
தேசிங்கு உசுரோட கீறான், நான் பொணம்.
இன்னாம்மா கணக்கு இது?"
அப்புறம் குரல் இறங்கியது.
"அவன் எனக்கு நாப்பது ரூபா தரணும்.
லிஸ்ட்டுல கீறான்ல, கேட்டு வாங்கிக் குடு."

அவள் உயிரோடிருக்கிறாள் என்று எழுத
பக்கத்து வீட்டு சாட்சி வேண்டும்.
நைட்டியில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு
அம்சா வந்தாள்.
மெதுவாக, புள்ளி வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.
பேனாவை உடனே திருப்பித் தரவில்லை.
என் விரல் நின்ற வரியைப் பார்த்தாள்.
நானூற்று ஏழு.
பேபியம்மாவும் வாயைத் திறக்கவில்லை.
கூட்ஸ் மட்டும் ஒரு தரம் இடித்து, நகர்ந்தது.

பேனாவை வாங்கி எழுதினேன்:
கதவு பூட்டியிருந்தது.

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.
மழையில் போனது,
இன்னும் மாட்டவில்லை.